உடைமையும் முறையும்: பத்தீர்க் கிராமத்தின் வரலாறு எழுப்பும் ஓர் அறவினா

ஒரு பொருள் ஒருவனுக்கு உரியது என்று கூறும்போது உண்மையில் கூறப்படுவது யாது? அப்பொருளை அவன் பயன்படுத்தலாம் என்பதா, அன்றி அதனைப் பிறர் பயன்படுத்தலாகாது என்பதா? இவ்விரண்டும் ஒன்றே எனப் பொதுவாகக் கருதப்படுகின்றது. ஒருவன் உடுக்கும் ஆடையிலும் உண்ணும் சோற்றிலும் இவை பிரிக்க முடியாதவாறு இணைந்தே நிற்கின்றன என்பதும் உண்மையே. ஆயின் நீர், வழி, மேய்ச்சல் தரை ஆகியவற்றை நோக்குமிடத்து இவ்விரண்டும் வெவ்வேறு வினாக்கள் என்பது புலப்படும். ஓடும் நீரை ஒருவன் பயன்படுத்துவதற்குப் பிறர் அனைவரையும் விலக்க வேண்டிய தேவை இல்லை. விலக்கும் அதிகாரமே உடைமையின் உயிர்நிலை என்போர் நீரைப் பற்றிச் சிந்திக்கத் தொடங்கும்போது இடர்ப்படுவது இதனாலேயே.

மெய்யியல் நூல்கள் இவ்வினாவைப் பெரும்பாலும் கற்பனை எடுத்துக்காட்டுகளைக் கொண்டே ஆராய்ந்துள்ளன. ஆளற்ற தீவில் ஒதுங்கிய மனிதன், அரசு தோன்றுமுன் வாழ்ந்த ஆதிமனிதன் என்போர் அவற்றில் அடிக்கடி காட்சி தருவர். ஆனால் அவ்வாறு கற்பித்துக்கொள்ளப்படாத, மண்ணில் உண்மையாகவே உள்ள சிறு அராபிய உழவர் கிராமம் ஒன்று இதே வினாவுக்குத் தன் வாழ்க்கையால் விடை கூறி வந்திருக்கின்றது. அவ்விடையின் வலிமையையும் வரம்பையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. ஊரும் ஊற்றும்

பத்தீர் என்னும் அக்கிராமம் எருசலேமுக்குத் தென்மேற்கே, பெத்லெகேமுக்கு மேற்கே ஏறத்தாழ ஏழு கிலோமீற்றர் தொலைவில், ஆழமான பள்ளத்தாக்கொன்றின் சரிவிலே அமைந்துள்ளது. 2007 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்போது அங்கு வாழ்ந்தோர் ஏறத்தாழ நாலாயிரவர். சுண்ணாம்புக் கல் நிறைந்த அம்மலைச்சரிவில் இயல்பாகவே மண் தங்குவதில்லை. மாரி மழை அதனை அடித்துச் சென்றுவிடும். எனவே சரிவின் குறுக்கே சாந்து பூசாத கற்சுவர்களை வரிசை வரிசையாக எழுப்பி, அவற்றின் பின்னே மண்ணைத் தேக்கிப் படிவயல்களை ஆக்கினர் அவ்வூர் மக்கள். மேற்படிகள் மழையை மாத்திரம் நம்பி ஒலிவம், திராட்சை, அத்தி, வாதுமை ஆகியவற்றைத் தருகின்றன. ஊற்றுநீர் பாயும் கீழ்ப்படிகளிலே காய்கறிகள் விளைகின்றன. அவற்றுள் பத்தீர்க் கத்தரிக்காய் அயலெங்கும் பெயர் பெற்றது. அறுவடைக் காலத்தில் குடும்பத்தோடு தங்கிப் பயிர்காக்கும் கற்காவல்மாடங்கள் இன்றும் சரிவெங்கும் காணப்படுகின்றன.

ஊரின் நடுவே மலையடியிலிருந்து ஊற்றொன்று பெருகுகின்றது. அதன் நீர் உரோமர் காலத்தது எனக் கொள்ளப்படும் கற்குளமொன்றிலே தேங்கி, அங்கிருந்து மதகுகளாலும் வாய்க்கால்களாலும் படிவயல்களுக்குப் பங்கிடப்படுகின்றது. பங்கீட்டின் விதி எளிமையானது. ஊரின் பெருங்குடும்பங்கள் எட்டு. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒவ்வொரு நாள். எட்டு நாள் கழிந்ததும் சுற்று மீண்டும் தொடங்கும். இதனால் உலகெங்கும் வாரத்துக்கு ஏழு நாள், பத்தீரில் மட்டும் எட்டு நாள் என்னும் பேச்சு வழங்கி வருகின்றது.

இவ்வேடிக்கைப் பேச்சினுள்ளே நுட்பமான நீதியொன்று மறைந்திருத்தல் கவனிக்கத்தக்கது. குடும்பங்கள் ஏழாக இருந்திருப்பின் ஒரு குடும்பத்துக்கு என்றும் வெள்ளிக்கிழமையே வாய்த்திருக்கும். கூட்டுத்தொழுகைக்குரிய நாளில் நீர் பாய்ச்சும் சுமை தலைமுறை தலைமுறையாக அவர்கள் மீதே விழுந்திருக்கும். எட்டு நாட் சுற்றிலோ ஒவ்வொரு குடும்பத்தின் முறையும் ஒவ்வொரு கிழமையாக நகர்ந்து சென்று, 56 நாட்களுக்கு ஒருமுறையே தொடங்கிய கிழமைக்குத் திரும்புகின்றது. வாய்ப்பான நாளும் வாய்ப்பற்ற நாளும் எல்லோரிடத்தும் சமமாகச் சுழல்கின்றன. இது எவரும் திட்டமிட்டு வகுத்ததன்று. எட்டு என்னும் எண்ணின் விளைவே. ஆயினும் அவ்விளைவை ஊர் ஏற்றுப் போற்றி வந்துள்ளது.

மற்றொரு நுட்பம் அளவையைப் பற்றியது. குளத்தின் நீர்மட்டம் குறிகள் வெட்டிய கோலொன்றினால் அளக்கப்பட்டு, அவ்வளவே அந்நாளுக்குரிய குடும்பத்தின் உழவரிடையே பங்காக வகுக்கப்படும். எனவே அங்கு உரிமை என்பது இத்தனை அளவு நீருக்கான உரிமையன்று. இருக்கும் நீரில் இத்தனை பங்குக்கான உரிமையாகும். ஊற்றுப் பெருகும் காலத்தில் எல்லோருக்கும் பெருகும். வற்றும் காலத்தில் எல்லோருக்கும் வற்றும். பஞ்சத்தின் இழப்பை ஒருவன் தலையில் சுமத்திவிட்டு மற்றவர் முழு அளவையும் பெற்றுக்கொள்ளும் நிலை அங்கு எழ இடமில்லை.

2. ‘முறை’ என்னும் சொல்

இவ்வேற்பாட்டின் இயல்பைக் கூறத் தமிழிலே பொருத்தமான சொல்லொன்று உண்டு. அது ‘முறை’ என்பதாம். ஒருவர்பின் ஒருவராக வரும் ஒழுங்கு முறை எனப்படும். நீதி வழங்குதல் முறை செய்தல் எனப்படும். உறவின் தொடர்பும் முறை என்றே வழங்கும். நீதி பிறழ்ந்தவிடத்து ஒருவன் செய்வது முறையீடு; ஒழுங்கு பிறழ்ந்தவிடத்து நிகழ்வது முறைகேடு. இம்மூன்று பொருள்களும் ஒரு சொல்லிலே தற்செயலாகக் கூடின என்று கொள்வதற்கில்லை. நீரையும் நிலத்தையும் பகிர்ந்துண்ட சமுதாயமொன்றின் அனுபவம் அச்சொல்லிலே படிந்துள்ளது எனக் கொள்வதே பொருந்தும். பத்தீரின் குளத்தருகே இம்மூன்றும் பிரியாது நிற்றலைக் காணலாம். அங்கே உறவினால் அமைந்த குடும்பம், வரிசையினால் அமைந்த நாளைப் பெறுகின்றது. அவ்வாறு பெறுவதே நீதி எனப்படுகின்றது.

இனி, முறை என்பது உடைமையினின்று வேறுபடுமாற்றை நோக்குதல் வேண்டும். உடைமையுடையவன் தன் பொருளைப் பற்றிக் கூறும்போது பிறர் பெயரை எடுக்க வேண்டியதில்லை. முறையுடையவனோ தனக்கு முன்னே நீர் பாய்ச்சியவனையும் தனக்குப் பின்னே பாய்ச்சப் போகின்றவனையும் குறிப்பிடாது தன் உரிமையைக் கூறவே இயலாது. ‘இன்று என் முறை’ என்ற வாக்கியத்தினுள் ‘நாளை உன் முறை’ என்ற வாக்கியம் அடங்கிக் கிடக்கின்றது. பிறனுடைய உரிமையை ஒப்புக்கொள்வதன் மூலமே தன் உரிமையை நிலைநாட்டும் உரிமை அது. இக்கட்டுரையின் மையக்கருத்தும் இதுவே.

3. மெய்யியலாளரின் விளக்கங்கள்

மேலைநாட்டு மெய்யியலில் உடைமைக்குப் புகழ்பெற்ற விளக்கமொன்றை வழங்கியவர் ஜோன் லொக் ஆவார். 1689 இல் வெளிவந்த அரசாங்கம் பற்றிய இரண்டாம் ஆய்வுரையிலே, இயற்கையில் பொதுவாகக் கிடந்த ஒன்றோடு ஒருவன் தன் உழைப்பைக் கலக்கும்போது அது அவனுடையதாகின்றது என அவர் வாதித்தார். பிறருக்கும் போதியதும் அதேயளவு நல்லதும் எஞ்சியிருத்தல் வேண்டும் என்னும் நிபந்தனையையும் அவர் விதித்தார். இக்கருத்து உழவனுக்குப் பெருமை சேர்ப்பதாகவே முதலிலே தோன்றும். ஆயின் அதன் மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். உழைப்பு உடைமையை ஆக்குமெனின், உழைப்புப் படாதது தரிசாகும். தரிசு எவனும் கைப்பற்றத்தக்கதாகும். அமெரிக்க ஆதிக்குடிகளின் நிலத்தைத் தரிசின் உதாரணமாக லொக் எடுத்தாண்டதும், கரோலினாக் குடியேற்றத்தின் உடைமையாளர்களுக்கு அவர் செயலாளராகப் பணியாற்றியதும் தம்முள் தொடர்பற்ற செய்திகள் அல்ல.

பத்தீரின் கற்சுவர் லொக்கின் கோட்பாட்டிலுள்ள குறையொன்றை வெளிப்படுத்துகின்றது. உழைப்பு ஒருமுறை கலந்துவிட்டால் உடைமை என்றென்றைக்கும் பிறந்துவிடுகின்றது என்பது போன்றே அவரது வாதம் அமைந்துள்ளது. சாந்தில்லாச் சுவரோ ஒருமுறை கட்டி முடிப்பதன்று. மாரிதோறும் நனைந்து கனத்த மண் சுவரை முன்தள்ளுகின்றது, கற்கள் சரிகின்றன, உழவன் அவற்றை மீண்டும் எடுத்து அடுக்குகின்றான். எந்தச் சுவரிலே பாட்டன் வைத்த கல் எது, பேரன் வைத்த கல் எது என்று எவராலும் கூறவியலாது. பல நூற்றாண்டு பழைமையுடையது என்று போற்றப்படும் அச்சுவர் உண்மையில் ஆண்டுதோறும் புதிதாகின்ற ஒன்றாகும். அவ்வாறாயின் அங்கு உரிமையின் ஊற்று என்றோ ஒருநாள் நிகழ்ந்த கைப்பற்றலன்று, இடையறாத பேணலேயாம்.

டேவிட் ஹியூமின் விளக்கம் இதற்குச் சற்று நெருங்கி வருகின்றது. மனித இயற்கை பற்றிய தமது நூலிலே (1739-40), நீதி என்னும் ஒழுக்கம் இரண்டு நிலைமைகளால் எழுகின்றது என்றார் அவர். ஒன்று பொருளின் பற்றாக்குறை. மற்றொன்று மனிதனது பெருந்தன்மையின் வரம்பு. ஒரே படகைத் துடுப்பு வலிக்கும் இருவர் ஒப்பந்தம் எதுவும் எழுதாமலே இசைந்து இயங்குவதுபோல உடைமை விதிகளும் பொதுப்பயன் கருதிய இசைவால் உருவாகின்றன என்பது அவரது கருத்து. ஒரே குளத்தைச் சூழ்ந்திருக்கும் எட்டுக் குடும்பங்களுக்கு இவ்வுவமை நன்கு பொருந்தும்.

இத்தகைய இசைவு நிலைக்கவே நிலைக்காது என்ற ஐயமும் எழுப்பப்பட்டதுண்டு. 1968 இல் கரெற் ஹாடின் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையொன்று, பொதுவாய் விடப்பட்ட மேய்ச்சல் தரை ஒவ்வொருவனது தன்னலத்தாலும் அழிந்தொழியும் என்று வாதித்தது. இதற்கு எதிராக, எலினோர் ஒஸ்ட்ரம் 1990 இல் வெளியிட்ட நூலிலே ஸ்பெயினின் வலென்சியா வாய்க்கால்கள் முதலிய பல உதாரணங்களை ஆராய்ந்து, தனியுடைமையும் இன்றி, அரசின் வற்புறுத்தலும் இன்றி, ஊரார் தாமே வகுத்த விதிகளால் பொதுச்சொத்தை நெடுங்காலம் பேணமுடியும் என நிறுவினார். 2009 இல் பொருளியலுக்கான நோபல் பரிசும் அவருக்குக் கிடைத்தது. பத்தீரின் குளம் ஒஸ்ட்ரமின் முடிவுக்கு வலுவூட்டும் சான்று எனலாம்.

4. அயலானோடும் முறை

முறை என்பது உறவினரிடையே மாத்திரம் செல்லுபடியாகுமெனின் அது ஓர் அறக்கோட்பாடாகாது. குடும்ப வழக்கமாகவே எஞ்சும். உறவற்ற அயலானோடும், பகைவனோடும் அது சாத்தியமா என்பதே மெய்யான சோதனையாகும். அச்சோதனை பத்தீருக்கு 1948 இலும் 1949 இலும் நேர்ந்தது.

யாபாவிலிருந்து எருசலேமுக்குச் செல்லும் புகையிரதப் பாதை 1892 இல் திறக்கப்பட்டது. பத்தீரின் பள்ளத்தாக்கு வழியே சென்ற அப்பாதையிலே அவ்வூருக்கும் ஒரு நிலையம் இருந்தது. ஊர்ப் பெண்கள் காய்கறிக் கூடைகளோடு புகையிரதமேறி எருசலேம் சந்தைக்குச் சென்றனர். 1948 போரின்போது ஊரார் மிகப் பலர் அஞ்சி வெளியேறினர். ஒரு சிலர் மட்டும் ஹசன் முஸ்தபா என்னும் கல்விமானின் தலைமையிலே தங்கியிருந்தனர். ஆளற்ற வீடுகளிலே இரவில் விளக்கேற்றியும் பகலில் துணிகளைக் கொடியில் உலர்த்தியும் ஊர் நிறைந்திருப்பதாகத் தோன்றச் செய்தனர் என்று இன்றும் ஊரார் கூறுவர். அண்டை ஊர்கள் பல வெறுமையாகி அழிந்துபோக, பத்தீர் எஞ்சியது.

1949 ஏப்ரலில் ரோட்ஸ் தீவிலே இஸ்ரேலும் யோர்தானும் போர்நிறுத்த உடன்படிக்கை செய்துகொண்டன. புகையிரதப் பாதையைத் தன்வசம் வைத்திருக்க இஸ்ரேல் விரும்பியது. எல்லைக்கோடு பத்தீரின் நிலங்களூடே விழுந்தது. அவற்றின் ஒரு பகுதி கோட்டுக்கு அப்பால் அமைந்தது. உடன்படிக்கையை ஒட்டி ஏற்பட்ட ஏற்பாட்டின்படி பத்தீர் உழவர் கோட்டைக் கடந்து சென்று தம் நிலத்தை உழலாம்; அதற்கு ஈடாகப் புகையிரதத்துக்கு எவ்விதத் தீங்கும் நேராதவாறு ஊர் பார்த்துக்கொள்ளல் வேண்டும். வேலியும் சுவரும் இன்றிப் பல பதிற்றாண்டுகளாக அவ்வாக்கு நிலைத்தது. 1967 போரில் மேற்குக்கரை முழுவதும் இஸ்ரேலின் ஆக்கிரமிப்புக்கு உட்பட்ட பின்னரும் உழவன் தன் படிவயலில் நிற்க, புகையிரதம் அவனைக் கடந்து சென்றது.

இவ்வேற்பாட்டை மிகைப்படப் புகழ்தல் பொருந்தாது. அது சமமானவர்களிடையே எழுந்த ஒப்பந்தமன்று. புகையிரதம் மீண்டும் ஓடியபோது பத்தீரில் நிற்கவில்லை. சந்தைக்குச் செல்லும் பழைய வழி அடைபட்டது. ஒரு தனிமனிதனின் தவற்றுக்கு ஊர் முழுவதுமே பொறுப்பாகும் நிலையும் ஏற்பட்டது. வலியவனிடம் எளியவன் அளிக்கும் வாக்குக் கட்டாயத்தின் பாற்பட்டது. எனவே அதற்கு அறவலிமை இல்லை என்று வாதிப்போர் கூற்றிலும் உண்மை உண்டு. எனினும் ஒன்றை மறுத்தல் இயலாது. கிணற்றடியில் உறவினனுக்கு வழங்கிய அதே அறிவை ஊரார் பகைவனின் புகையிரதத்துக்கும் வழங்கினர். ஒரே வெளியை இருவர் இருவேறு பயன்களுக்காகப் பயன்படுத்தலாம், அதற்கு ஒருவர் மற்றவரை இல்லாதொழிக்க வேண்டியதில்லை என்பதே அவ்வறிவு. முறை உறவின் எல்லையைக் கடக்க வல்லது என்பதற்கு இது போதிய சான்றாகும்.

5. தரிசும் சட்டமும்

முறையின் அறத்துக்கு நேரெதிரான சிந்தனை அந்நாட்டு நிலச்சட்டத்தின் வரலாற்றிலே வெளிப்படுகின்றது. ஒட்டோமன் பேரரசு 1858 இல் இயற்றிய நிலச்சட்டத்தின் பல விதிகள் இன்றும் மேற்குக்கரையிலே பயன்படுத்தப்படுகின்றன. அதன்படி அரசுக்கு மேலுரிமையுள்ள நிலத்தைப் பத்து ஆண்டுகள் இடையறாது பயிரிட்டவன் அதன்மீது உரிமை பெறுவான். மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பயிரிடாது விட்டவன் அதனை இழக்கக்கூடும். ஊரின் கடைக்கோடியில் நின்று ஒருவன் உரத்துக் கூவினால் அக்குரல் எட்டாத் தொலைவிலுள்ள, எவர் கைவசமும் இல்லாத நிலம் ‘இறந்த நிலம்’ எனப்பட்டது.

உழுபவனையே உரியவனாகக் கருதிய இச்சட்டத்திலே ஒருவகை நேர்மை உண்டு. பயிரிடாமைக்கு நியாயமான காரணம் இருப்பின் நிலம் பறிபோகாது எனவும் அது கூறிற்று. மண்ணுக்கு ஓய்வளித்தல், வெள்ளம் சூழ்தல், உழவன் போர்க்கைதியாதல் என்பன அக்காரணங்களாம். ஆயின் 1979 இல் தனியார் நிலத்தில் அமைக்கப்பட்ட குடியேற்றமொன்றை இஸ்ரேலிய உயர்நீதிமன்றம் தடைசெய்த பின்னர், மேற்குக்கரை நிலங்களை ‘அரச நிலம்’ எனப் பிரகடனம் செய்வதற்கு இதே பழைய சட்டம் விரிவாகக் கையாளப்பட்டது. உழாத நிலம் அரசுக்குரியது. அரசுக்குரியது குடியேற்றத்துக்கு வழங்கப்படலாம் என்னும் தருக்கம் உருவாயிற்று.

அளவையியல் நோக்கிலே இத்தருக்கத்தின் ஓட்டை வெளிப்படையானது. நிலத்துக்குச் செல்லும் வழி தடுக்கப்படும்போது உழவன் உழ இயலாதவனாகின்றான். உழாமையே பின்னர் அவனுக்கெதிரான சான்றாகின்றது. தடுத்தவன், தான் தடுத்ததன் விளைவையே தன் உரிமைக்கு ஆதாரமாகக் காட்டுகின்றான். ஒருவனைக் குளத்தருகே வரவிடாது நிறுத்திவிட்டு, அவன் தன் முறையைப் பயன்படுத்தவில்லை எனக் கூறி அவனது நாளைத் தனதாக்கிக் கொள்வதற்கு ஒப்பானது இது. போர்க்கைதியின் நிலத்தைக்கூடப் பறிக்கலாகாது என்று விதித்த பழைய சட்டத்தின் எழுத்தைக் கைக்கொண்டு அதன் உட்பொருளைக் கைவிட்டமை இங்கு கவனிக்கத்தக்கது.

6. பழைமை என்னும் வாதம்

இவ்விடத்து வலிய மறுப்பொன்று எழக்கூடும். பத்தீருக்கு மேலேயுள்ள குன்றிலே பழைய கோட்டையொன்றின் இடிபாடுகள் உள்ளன. கி.பி. 135 இல் உரோமப் பேரரசுக்கெதிரான யூதக் கிளர்ச்சியின் இறுதிக் கோட்டையாக வீழ்ந்த பெத்தார் இதுவே என ஆய்வாளர் பெரும்பாலும் கொள்வர். ஊரின் பெயரும் அப்பழம் பெயரின் எச்சமே. அராபியரும் அவ்விடத்தை ‘யூதரின் இடிபாடு’ என்றே வழங்கினர். ஊற்றருகே உரோமப் படையணிகளின் பெயர் பொறித்த கல்வெட்டும் காணப்பட்டது. யூத மக்களின் நினைவிலே பெத்தாரின் வீழ்ச்சி பெருந்துயராகப் பதிந்துள்ளது. இந்நினைவு பொய்யன்று, அதனை இழித்துரைத்தல் நேர்மையுமன்று. ஆகவே, ‘பன்னெடுங்காலத்துக்கு முன் எம் முறை வலிந்து பறிக்கப்பட்டது, இன்று எம் முறை திரும்பி வந்துள்ளது’ என்று ஒருவர் வாதிப்பின் முறையின் அறம் அதற்கு என்ன விடை கூறும்?

விடை முறை என்னும் கருத்தினுள்ளேயே இருக்கின்றது. முறை என்பது தொடரும் ஒரு வரிசை. தன் முறை வந்ததென்று கூறுபவன் அடுத்தவனது முறையையும் அதே மூச்சில் ஏற்றுக்கொள்கின்றான். அடுத்தவனை வரிசையிலிருந்தே அகற்றிவிட்டு ஒருவன் பெறுவது முறையாகாது. அது வரிசையின் முடிவாகும். பெத்தாரை நினைந்து அழுபவனும் பத்தீரில் வாழ்பவனும் ஒரே மண்ணை நேசிக்கலாம். ஒருவரது வரலாறு மற்றவரது வரலாற்றைப் பொய்யாக்காது. ஆயின் உரோமர் அன்று செய்த அநீதிக்கு ஈடாக, அதிற் பங்கேற்காத உழவனைப் படிவயலிலிருந்து நீக்குதல் அநீதியைத் தீர்ப்பதாகாது; அதனை மற்றொருவனிடம் கைமாற்றுவதாகும். பழைமை ஒரு மண்ணின்மீது அன்பு கொள்ளக் காரணமாகலாம்; அம்மண்ணில் வாழ்பவனை விலக்குவதற்குக் காரணமாகாது. இவ்விதி இருபாலார்க்கும் பொதுவானது. மண்ணின் மேல் யூதருக்குள்ள நினைவை முற்றாக மறுக்க முற்படும் அராபியனுக்கும் அது பொருந்தும்.

7. முறையின் குறைபாடுகள்

பத்தீரின் ஏற்பாடு குற்றமற்றது எனக் கருதுதலும் தவறாகும். எட்டுக் குடும்பம் என்னும் வரையறை, எட்டினுள் அடங்காதவனை வெளியே நிறுத்துகின்றது. பிறப்பினால் வரும் பங்கு உழைப்பினால் வரும் பங்கைப் பின்தள்ளக்கூடும். தந்தைவழியே எண்ணப்படும் குடும்பத்திலே, கூடை சுமந்து சந்தைக்குச் சென்ற பெண்ணின் பெயர் நீரின் நாளோடு இணைத்துப் பேசப்படுவதில்லை. மரபு நீதியானது என்பதற்கு அதன் பழைமை மாத்திரம் சான்றாகாது என்ற கருத்து பத்தீரின் மரபுக்கும் ஏற்புடையதே.

எனினும் இக்குறையைத் திருத்தும் கருவியும் அம்மரபினுள்ளேயே உண்டு. இசுலாமியச் சட்ட மரபு நீரின் மீதான உரிமையை இரண்டாகப் பகுக்கின்றது. ஒன்று தாகத்தின் உரிமை. மற்றொன்று பாசனத்தின் உரிமை. பாசனத்தின் உரிமை பங்காளிகளுக்கு மட்டுமே உரியது. தாகத்தின் உரிமையோ வழிப்போக்கன், அயலான், விலங்கு ஆகிய எல்லா உயிர்களுக்கும் பொதுவானது. ‘ஷரீஆ’ என்ற சொல்லே தொடக்கத்தில் நீர்த்துறைக்குச் செல்லும் வழியைக் குறித்தது என அறிஞர் கூறுவர். தேவை மிகும்தோறும் விலக்கும் அதிகாரம் குறைந்து செல்லல் வேண்டும் என்பதே இப்பகுப்பின் உட்பொருள். அதனை விரித்து நோக்கின், வரிசையில் இடம்பெறாதவனுக்கும் இடமளிக்கும் கடமை வரிசையில் உள்ளவர்களைச் சாரும் என்பது பெறப்படும்.

8. முடிவுரை

அண்மைக்கால நிகழ்ச்சிகள் இவ்வினாவை ஏட்டளவில் நிற்கவிடவில்லை. இஸ்ரேல் எழுப்பிவந்த பிரிப்புச்சுவர் பத்தீரின் படிவயல்களை ஊடறுக்கும் எனத் தெரியவந்தபோது ஊராரும் சூழலியல் அமைப்பொன்றும் இஸ்ரேலிய உயர்நீதிமன்றத்தில் முறையிட்டனர். இஸ்ரேலின் இயற்கை, பூங்காக்கள் அதிகார சபையே 2012 இல் அச்சுவர் படிவயல்களுக்குக் கேடு விளைக்கும் என்று கூறி அவர்களின் பக்கம் நின்றமை வியப்புக்குரிய செய்தியாகும். 2014 ஜூனில் யுனெஸ்கோ பத்தீரின் நிலத்தோற்றத்தை உலக மரபுரிமைப் பட்டியலிலும், ஆபத்துக்குள்ளான மரபுரிமைகளின் பட்டியலிலும் ஒருங்கே சேர்த்தது. 2015 இல் சுவர்த்திட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. ஆயின் 2024 ஓகஸ்டில் அம்மரபுரிமைப் பரப்பிலேயே ஏறத்தாழ 60 ஹெக்டேயர் நிலத்தில் புதிய குடியேற்றமொன்றை அமைப்பதற்கு இஸ்ரேலிய அதிகாரிகள் வழிசெய்தனர்.

மரபுரிமைப் பட்டியல் கல்லைக் காக்க முயலும். உழவனின்றிக் கல் நில்லாது. கூலி வேலை தேடி ஊரை விட்டுச் செல்லும் இளைஞன் கைவிட்ட சுவர் சில மாரிகளிலே சரிந்துவிடும். சரிந்த சுவர் தரிசாகும். தரிசு சட்டத்தின் கண்ணில் ஆளற்ற நிலமாகும். பட்டியலில் இடம்பெற்ற படிவயலைக் காப்பது பட்டியலன்று. அவ்வயலுக்குத் தடையின்றிச் சென்று வரும் வழியே.

உடைமை என்பது விலக்கும் அதிகாரமா, பயன்படுத்தும் உரிமையா என்று தொடக்கத்திலே எழுப்பப்பட்ட வினாவுக்குப் பத்தீர் கூறும் விடை இரண்டுமன்று. உரிமை என்பது ஒருவன் தன் நாளிலே நீரைப் பெற்று, பயன்படுத்தி, குளத்தையும் மதகையும் கெடுக்காது அடுத்தவனிடம் ஒப்படைக்கும் பொறுப்பாகும். அப்பொறுப்பை நிறைவேற்றுபவன் உரியவன். அடுத்தவனது நாளை அழிப்பவன், கையில் எத்தனை பத்திரங்கள் வைத்திருப்பினும், எத்தனை நூற்றாண்டு வரலாற்றை எடுத்துரைப்பினும், முறை தவறியவனே. சுவரும் குடியேற்றமும் ‘எனது’ என்னும் ஒரு சொல்லை மட்டுமே அறிந்தவை. குளத்தருகே குறிகள் வெட்டிய கோலுடன் நிற்கும் உழவனோ ‘இன்று எனது, நாளை உனது’ என்று எண்ணப் பழகியவன். இவ்விரு மொழிகளுள் எதனை உலகின் சட்டங்கள் பேசப்போகின்றன என்பதைப் பொறுத்தே பத்தீரின் எட்டாம் நாள் நிலைப்பதும் நிலையாததும் அமையும்.